மேலே பார்க்கச் சொன்னவளுக்கு

வல்தோரா,
செப்டம்பர் 24, செவ்வாய்

ஹாம்பர்க் நகரத்து மழையில் ஊறிக்கொண்டிருக்கும் அன்பு மகள் மெரிச்செலுக்கு,

வல்தோரா மனிதக் கோபுரக் குழுவின் அசையாத தூணும், முப்பத்தோரு ஆண்டுகளாகப் பூமி சாயாமல் பார்த்துக்கொள்பவனும், உன் அப்பாவின் ஒரே தம்பியுமான சித்தப்பா வெந்தூரா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். இன்று காலை காபி தானாகக் கொதித்தது. உன் சித்தி ரமேய் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

முதலில் வீட்டு விஷயம். மழை இல்லாததால் இந்த வருஷம் திராட்சை மிளகு அளவுக்குத்தான் காய்த்திருக்கிறது. ஒரு புட்டி ஒயின் எடுக்க ஒரு மலைச்சரிவையே பிழிய வேண்டும். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். உன் அறையில் வெங்காயம் காயப்போட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். “அவ வர்றப்ப எடுத்துடுவேன்”என்றார். நீ கடைசியாக வந்துபோனபின் இது நான்காவது வருஷ வெங்காயம்.

இப்போது என் வழக்கு. போன சனிக்கிழமை உன் சுற்றுலாக் கம்பெனியின் பேருந்து நம் சதுக்கத்தில் வந்து நின்றது. அதிலிருந்து ஒன்பதாயிரம் பேர் இறங்கினார்கள். ரமேய் நாற்பது பேர் என்கிறாள், அவள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வாள். ஒவ்வொருவர் கையிலும் நம் ஊரைப் பற்றி உங்கள் கம்பெனி ஜெர்மனில் போட்ட வழிகாட்டிப் புத்தகம். அதன் அட்டையில் ஒரு பெண், சிவப்புப் பாவாடையில் வெள்ளைப் புள்ளி, கையில் விசிறி, காதில் பூ. மகளே, நம் ஊரில் இருநூறு வருஷமாகப் பிறந்த எந்தப் பெண்ணாவது அப்படி ஒரு பாவாடை உடுத்தியிருக்கிறாளா? நாட்டின் மறுகோடிக்கு, ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே போனால் அந்தப் பாவாடை கிடைக்கும். அவர்களுக்கு அது அழகு, அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ரொட்டிக்கடை பல்திரி அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, “வெந்தூரா, நம்ம ஊர்ல இப்படி ஒருத்தி இருந்திருந்தா நான் இன்னுமா கல்யாணம் ஆகாம இருப்பேன்?” என்றான்.

உங்கள் வழிகாட்டிப் பையன் எல்லாருக்கும் குடம் குடமாகப் பழத்துண்டு மிதக்கும் சிவப்புத் தண்ணீர் ஊற்றினான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரே ஒரு கோப்பை வெர்முத் ஒயின் குடிக்கிற ஊரில், சனிக்கிழமை காலை பத்தரைக்கு! ஒருவர் என்னிடம் வந்து சண்டைக்கு மாடு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். மாடு ஓய்வு பெற்றுவிட்டது, இப்போது நகராட்சியில் வேலை பார்க்கிறது என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்.

இதையெல்லாம் மன்னிப்பேன். என் இதயம் மத்தியதரைக் கடலை விடப் பெரியது, அதில் குப்பையும் அதிகம். மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. இனி சனிக்கிழமைதோறும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் கோபுரம் கட்ட வேண்டுமாம். வந்தவர்களும் அடியில் சேர்ந்து நிற்பார்களாம். பயிற்சிக் கூடத்தின் கூரை ஒழுகுகிறது, கம்பெனி அதைச் சரிசெய்து தரும் என்றதும் குழுவின் கூட்டத்தில் அறுபத்தொரு கை உயர்ந்தது. எதிர்த்து நாற்பது. அந்த நாற்பதில் என் கையும் ஒன்று, தலைவி அசும்ப்தாவின் கையும் ஒன்று.

தவறாக எண்ணாதே. வெளியாள் வருவதில் அவளுக்கும் எனக்கும் வருத்தம் இல்லை. திருவிழா நாளில் கூட்டத்தில் நிற்கிற எவரும் வந்து கை கொடுக்கலாம், பெயர்கூடக் கேட்கமாட்டோம். அசும்ப்தா சொன்னது இதுதான்: “நம்ம ஆள் நாலு பேருக்கு நடுவுல வந்தவங்க ஒருத்தர்னா, நாலு பேரைப் பார்த்து அந்த ஒருத்தர் கத்துக்குவாரு. அறுவடை நேரத்துல அந்த நாலு பேருக்கு நான் எங்க போறது?” கேட்டார்களா? கூரையைப் பார்த்தார்கள்.

நாங்கள் சுவர்க் கடிகாரத்துக்குள் இருந்து மணிக்கு மணி எட்டிப் பார்க்கும் மரக்குயில்கள் அல்ல என்று உன் முதலாளியிடம் சொல். முடிந்தால் அந்தப் பாவாடையையும் எடுத்துவிடச் சொல்.

ஹாம்பர்க் மழை உன் மேல் மட்டும் பெய்யாமல் இருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மூன்று கண்டங்களில் புகழ்பெற்ற (நான்காவது கண்டத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை)
உன் சித்தப்பா,
வெந்தூரா


வல்தோரா,
அக்டோபர் 15, செவ்வாய்

மெரிச்செல்,

போன கடிதத்துக்கு உன் பதில் கைப்பேசியில் வந்தது. “சித்தப்பா, நீங்க எப்பவும் மிகைப்படுத்துவீங்க”என்று ஒரு வரி, சிரிக்கும் மூஞ்சி மூன்று. அந்த மூன்று மூஞ்சிகளையும் இந்தக் கடிதத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்துவிட்டுப் படி.

என் இடது காறை எலும்பு முறிந்திருக்கிறது. பதினேழு துண்டு என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். மருத்துவர் இரண்டு என்கிறார். பல்திரிக்குக் கணுக்கால் முறிவு. மூன்று நாளாக ஊரில் ரொட்டி இல்லை, பாதிரியார்கூடப் பிஸ்கட் தின்கிறார். உச்சிக்கு ஏறுகிற ஏழு வயது அய்னாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைக்கவசம் இருந்தது, எங்கள் முதுகுகள் மெத்தையாக இருந்தன. ஆடிக்கொண்டிருந்த முன்பல் மட்டும் போனது. அழுகிறாளா என்று பார்க்கப் போனால், “பல்லு தானா விழுந்துச்சு மாமா, நான் விழல. இவங்கதான் விழுந்தாங்க” என்று எங்கள் எல்லாரையும் கை காட்டினாள்.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணி. நம் ஆட்களில் பாதிப் பேர் கடைசி அறுவடையில். மீதி நாங்கள் எழுபது பேர், உங்கள் ஆட்கள் நாற்பது பேர். நால்வர் அகலத்தில் ஏழு அடுக்கு கட்டுவதாகப் பேச்சு. அசும்ப்தா ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கைக்கடிகாரம் கழற்ற வைத்தாள், காதணி கழற்ற வைத்தாள், ஒரு அம்மாளின் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துத் நாம் எல்லாரும் சட்டைக்கு மேல் இடுப்பில் இறுக்கிச் சுற்றுகிற கச்சைக்குள் செருகிக்கொண்டாள். “தலையைத் தொங்கப் போடுங்க. தாடை நெஞ்சுல ஒட்டணும். முன்னால நிக்கிறவர் முதுகை மட்டும் பாருங்க”என்று சொன்னாள். மூன்று முறை. உங்கள் வழிகாட்டி அதை ஜெர்மனில் என்னவோ சொன்னான். அவர்கள் தலையாட்டினார்கள்.

நான் என் இடத்தில், அதாவது முதல் அடுக்கில் நிற்பவருக்குப் பின்னால், கை இரண்டையும் உயர்த்தி இரண்டாம் அடுக்கில் நிற்கும் பல்திரியின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பொறுப்பு எனக்கு வந்து முப்பத்தோரு வருஷம். மன்னர்களுக்குச் சிம்மாசனம் கிடைத்தது, எனக்கு இது கிடைத்தது. “வெந்தூரா, கை ஐஸ் மாதிரி இருக்குய்யா, தேய்ச்சுட்டு வைக்கக் கூடாதா?” என்றான் அவன். அடிக்கூட்டம் இறுகிவிட்டது என்று கண்டபின் அசும்ப்தா கை காட்டினாள், குழல் ஊத ஆரம்பித்தது. குழல் ஊதியபின் திரும்பிப் போக முடியாது, அது உனக்கே தெரியும்.

மூன்றாம் அடுக்கு ஏறியது. நான்கு. ஐந்தாவது ஏற, அதன் பின்னாலேயே அய்னாவும் ஏறும்போது சதுக்கமே மூச்சைப் பிடித்தது. அந்த நொடியில் என் முதுகில் ஒரு குளிர்காற்று பட்டது. மெரிச்செல், அடிக்கூட்டத்தில் முதுகில் காற்றுப் படக் கூடாது. எனக்குப் பின்னால் என் முதுகோடு ஒட்டியிருந்த நெஞ்சு விலகியிருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அத்தனை பேரும் ஒரே நேரத்தில், யாரோ உத்தரவு போட்டமாதிரி, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள். தலை நிமிர்ந்தால் நெஞ்சு பின்னால் போகும், கை தளரும், முட்டி பூட்டிக்கொள்ளும். அசும்ப்தா “தலை! தலை! தலையைப் போடுங்கய்யா!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். பல்திரி என் கையிலிருந்து நழுவினான். பிறகு வானம் வந்தது.

இங்கே நான் ஒன்றும் பெரிதாக்கவில்லை. பெரிதாக்க ஆசைதான், வரவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்கு ஒரு மனிதர் வந்தார். ஹோல்கர் என்று பெயர், உங்கள் ஹாம்பர்க்காரர்தான். நம் வீட்டுக் கதவுக்குள் குனிந்துதான் நுழைய முடியும், அவ்வளவு உயரம். என் பின்னால் நின்ற நெஞ்சு அவருடையது. கண் சிவந்திருந்தது. தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் மன்னிப்புக் கேட்டார். “என்னய்யா இது, எங்க அசும்ப்தா கத்திக்கிட்டே இருந்தாளே, ஏன் மேல பார்த்தீங்க?” என்று உன் அப்பா கேட்டார். ஹோல்கர் தன் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, பேனாவால் அடிக்கோடு போட்டிருந்த ஒரு வரியைக் காட்டி, சொல் சொல்லாகப் பெயர்த்துச் சொன்னார்.

“அடித்தளத்தில் நிற்கும்போது தவறாமல் நிமிர்ந்து பாருங்கள். உலகத்தின் மிக அழகான காட்சி உங்கள் தலைக்கு மேலே எழுகிறது.”

அந்தப் பக்கத்தின் கீழே உன் படம். சிறுவயதில் கோபுரங்களின் உச்சியில் நின்றவர் எழுதியது என்று ஒரு வரி, உன் பெயர்.

உன் அப்பா அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கினார். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஹோல்கர் போனபின், “ஜெர்மன் படிக்கத் தெரிஞ்சவன் நம்ம ஊர்ல எவனும் இல்ல. விட்டுடு வெந்தூரா” என்றார்.  இன்றுவரை அந்தச் சட்டையைத் துவைக்கப் போடவும் இல்லை.

மூன்று நாள் யோசித்தேன். எப்படி அந்த வரியை எழுதினாய்? எங்கோ வெளியூரில் பிறந்து, நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் எழுதியிருக்கவே மாட்டார். அவர் யாரையாவது கேட்டிருப்பார். அதை எழுத உன்னால் மட்டும்தான் முடியும். ஆறு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை நீ எங்களை மேலேயிருந்து மட்டும் பார்த்தவள். எங்கள் தோளில் மிதித்தாய், எங்கள் காதைப் பிடித்து ஏறினாய், ஒரு தடவை என் மூக்கில் கால் வைத்தாய், அதற்கு அப்புறம்தான் அது இந்த அழகான வடிவத்துக்கு வந்தது. ஆனால் ஒருநாளும் கீழே நின்றதில்லை. நான் முப்பத்தோரு வருஷமாகக் கட்டிய ஒரு கோபுரத்தையும் கண்ணால் பார்த்ததில்லை, மகளே. நீ உச்சியில் கை உயர்த்திய அத்தனை முறையும், சதுக்கம் போடும் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். உன் அப்பாவும் அப்படித்தான். தன் மகள் வானத்தில் நிற்கும்போது அவர் யாரோ ஒருவரின் வியர்வை நாறும் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அங்கே கிடைக்கிற காட்சி. அதை உன் புத்தகத்தில் போட்டுக்கொள்.

உனக்குப் பதினைந்து வயதானபோது அசும்ப்தா உன்னை அழைத்து, “நீ வளந்துட்டடி. இனி கீழ வா. எனக்கு உன் கை வேணும்” என்றாள். பக்கத்திலேயே நின்றேன், கேட்டேன். உச்சிக்கு ஏறுகிற எல்லாரும் ஒவ்வொரு வருஷமாகக் கீழே இறங்கி வருகிறவர்கள்தான். பல்திரியும் ஒருகாலத்தில் உச்சியில் நின்றவன், இன்று அவனை உச்சியில் வைத்தால் தேவாலயமே உட்கார்ந்துவிடும். நீ மட்டும் இடுப்பில் சுற்றியிருந்த கச்சையை அவிழ்த்து அசும்ப்தாவின் காலடியில் போட்டுவிட்டுப் போனாய். அவமானம் என்று நினைத்துக்கொண்டாய். பிறகு ஊரை விட்டே போனாய். பதினாறு வருஷம் ஆகிறது, அதைப் பற்றி யாரும் உன்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. கோமாளி வேஷம் போட்டுக்கொண்டு வேறு எல்லாவற்றையும் பேசினேன். தப்பு என்னுடையதும்தான்.

ஆனால் நேற்று வந்ததே ஒரு மின்னஞ்சல், அதற்கு என்ன பெயர் வைப்பது? “மதிப்பிற்குரிய உள்ளூர்க் கூட்டாளிகளே”என்று ஆரம்பம். உன் அப்பா, நான், உனக்குத் தொட்டிலில் பால் புகட்டிய ரமேய், எல்லாரும் கூட்டாளிகள்! “அக்டோபர் 12 அன்று நேர்ந்த அசௌகரியத்துக்கு”வருந்துகிறாயாம். என் எலும்பு அசௌகரியமாம். அடுத்த வரியில், பங்கேற்பாளர்களை நிறுத்திய விதத்தில் உள்ளூர்ப் பொறுப்பாளர் செய்த பிழையே காரணம் என்று அறிகிறாயாம். கீழே உன் முழுப்பெயர். உன் முதலாளி எழுதச் சொன்னாரா, நீயே எழுதினாயா, எனக்குத் தெரியாது. கையெழுத்து உன்னுடையது. ரமேய் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “இது நம்ம பொண்ணு எழுதுனதா? யாரோ வக்கீலு எழுதுனது மாதிரி இருக்கே” என்று கேட்டாள்.  

அந்த மின்னஞ்சலை யாரோ அச்சடித்துப் பயிற்சிக் கூடத்துக் கதவில் ஒட்டிவிட்டார்கள். கம்பெனியே சொல்லிவிட்டது, தப்பு அசும்ப்தாவுடையதுதான் என்று அதன் கீழேயே நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமைக் கோபுரம் வேண்டும் என்று கையைத் தூக்கினவர்கள்தான் பெரும்பாலும். வரும் ஞாயிற்றுக்கிழமை, இருபதாம் தேதி, காலை பதினொரு மணிக்குக் கூட்டம். அவளைத் தலைமையிலிருந்து இறக்கப் போகிறார்கள். பதினெட்டு வருஷத் தலைமை. அவள் காலத்தில் ஒரு குழந்தைக்கும் ஒரு எலும்பும் முறிந்ததில்லை.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். “கூட்டத்துல ஏதாவது சொல்லு அசும்ப்தா. மூணு தடவை சொன்னேன், அவங்க கேக்கலன்னாவது சொல்லு”என்று கெஞ்சினேன். அவள் நிமிரவே இல்லை. “நிறுத்துனது நான். குழலுக்குக் கை காட்டுனது நான். அவங்க எல்லாரும் ஏன் ஒரே நேரத்துல தலையைத் தூக்குனாங்கன்னு மட்டும் புரியல வெந்தூரா. ரெண்டு ராத்திரியா அதையே யோசிக்கிறேன். நான் என்ன சொல்ல மறந்தேன்?” என்றாள்.

மெரிச்செல், பதில் எனக்குத் தெரியும். உன் அப்பாவின் சட்டைப் பையில் மடிந்து கிடக்கிறது. உன் அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு, ஒரு கிலோ அவரைக்காயை அவளோடு சேர்ந்து உரித்துவிட்டு, வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் முதன்முறையாக எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகவே இதைக் கேள். அந்த வரி நீ எழுதியது, நீதான் சொல்ல வேண்டும். கடிதத்தில் இல்லை, மின்னஞ்சலில் இல்லை, கம்பெனிப் பாஷையில் இல்லை. கூட்டத்தில் எழுந்து நின்று, அசும்ப்தா முகத்தைப் பார்த்து, நம் பேச்சில். யாரும் உன்னை அடிக்கமாட்டார்கள். பல்திரி கத்துவான், அவனுக்குக் கட்டு போட்ட காலோடு கத்துகிற உரிமை உண்டு. அய்னாவின் அம்மா அழுவாள். கேட்டுக்கொள். உன் கம்பெனி அதற்காக உன்னை வேலையிலிருந்து நீக்கினாலும் நீக்கும். அது சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். அங்கே நீ வாடகை கட்டுகிறாய், நான் இங்கே கடிதம் எழுதுகிறேன்.

பதினொன்றரை மணிவரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதற்குமேல் முடியாது. நான் எழுந்தால் உண்மை வெளியே வந்துவிடும், ஆனால் அது நீ சொன்ன உண்மையாக இருக்காது, உன்னைப் பற்றி நாங்கள் சொன்ன உண்மையாக இருக்கும். அதன்பின் நீ இந்த ஊருக்கு வரவே மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் அவர் அந்தப் பக்கத்தை நான்காக மடித்தார்.

இன்னொன்று. நவம்பர் பத்தாம் தேதி இந்தப் பருவத்தின் கடைசிக் கோபுரம். பேருந்து வராது, நமக்காக நாம் கட்டுவது. என்னால் கையைத் தூக்க முடியாது. என் இடத்துக்கு நீளக் கையுள்ள ஆள் வேண்டும், ஊரில் அவ்வளவு நீளக் கை வேறு யாருக்கும் இல்லை. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா. மோதிரம் வேண்டாம். கூந்தலை இறுக்கிக் கட்டு. பல்திரிக்குப் பதில் அவன் தம்பி ஏறுகிறான், அவனும் கனமானவன்தான், பழகிக்கொள்வாய்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் தாரகோனா ரயில் நிலையத்தில் உன் அப்பா வண்டியோடு நிற்பார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ கிளம்பியதும் சொல்கிறேன். உன்னை அவர் ஒன்றும் கேட்கமாட்டார். நீயாகப் பேசு.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், மகளே. திட்டுவதற்காவது வந்து சேர்.

உன் சித்தப்பா,
வெந்தூரா